மூன்றாம் ஓலை

தடை என்றால் இன்னின்ன தடை என்று பாதர் எட்மன் ஒருநாளும் விரித்துச் சொன்னதில்லை. கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் பெண்ணின் பெயரையும் மாப்பிள்ளையின் பெயரையும் ஓலையாக வாசிப்பார். வாசித்து முடித்து, இவர்கள் மணம் முடிக்கத் தடை ஏதும் அறிந்தவர்கள் அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று சொல்லி, கண்ணாடியைக் கழற்றி, ஒரு மூச்சு விடுகிற நேரம் சனத்தைப் பார்ப்பார். அந்த ஒரு மூச்சைத்தான் மடுத்தீன் மூன்று கிழமையாகச் சுமந்துகொண்டு திரிந்தான். முதல் ஞாயிறு அது போயிற்று. இரண்டாம் ஞாயிறும் போயிற்று, ஒரு கைக்குழந்தை அழுததைத் தவிர வேறு சத்தமில்லை. இன்றைக்கும் போய்விட்டால் புதன்கிழமை காலை ஏழு மணிக்கு மகள் கொறற்றியின் கழுத்தில் தாலி ஏறிவிடும். ஏறிவிடும் என்றுதான் இன்று காலை பல் விளக்கும்போதுகூட நினைத்தான். பூசை தொடங்கி, ஆண்டவரே இரக்கமாயிரும் என்று பெண்கள் பக்கம் பாடத் தொடங்கியபோது பாவிலு அண்ணை உள்ளே வந்தார். செருப்பைக் கோயில் என்று கட்டியிருந்த தறப்பாள் கூரையின் ஓரத்தில் கழற்றிவிட்டு, சிலுவை போட்டு, ஆண்கள் பக்கத்தில் மூன்று வரிசை முன்னால் போய் மணலில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். கழுத்தின் பின்புறம் வெயிலில் கருகிக் கிடந்தது. இரண்டு கிழமைக்கு மேலாகப் போர் முன்னரங்கில் மண்ணணை கட்டும் வேலைக்குப் போயிருந்தார், அதனால்தான் முதல் இரண்டு ஓலைக்கும் இல்லை. செத்துப்போயிருக்கலாமே என்று மடுத்தீனின் மனதுக்குள் ஏதோ ஒன்று சொன்னது. சொன்னது தான்தான் என்று தெரிந்ததும், இரக்கமாயிரும் என்று எல்லோருக்கும் பிந்தி, தனியாக, சத்தமாகப் பாடிவிட்டான். பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

பாவிலு அண்ணைக்குத் தெரிந்தது வேறொன்றுமில்லை, ஒரு வயதுதான். சித்திரை மாதம் இயக்கத்துக் காரியாலயம் குடும்பப் பதிவு எடுத்தபோது, கையெழுத்து அழகாக இருக்கிறது என்று அவரைத்தான் வீடு வீடாக அனுப்பினார்கள். பதினேழு முடிந்தால் வீட்டுக்கு ஒருவர் நாட்டுக்கு என்பது அப்போது சட்டம். கொறற்றிக்குப் பதினேழு ஆக இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. பாவிலு அண்ணை முற்றத்தில் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து, "பிள்ளைக்கு?" என்றார். மடுத்தீன் ஒரு எஞ்சினின் காபரேற்றரைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்குள் இருக்கிற ஊசித் துவாரத்தை ஊதிப் பார்ப்பதுபோல, "பதினைஞ்சு அண்ணை" என்றான். கிணற்றடியில் இருந்து இரண்டு வாளி தண்ணீரைத் தூக்கிக்கொண்டு கொறற்றி அந்த நேரம் பார்த்தா குறுக்கே போகவேண்டும்? தோளும் இடுப்பும் முழுப் பெண்ணாக நடந்து போனாள். பாவிலு அண்ணை அவளைப் பார்த்தார், காபரேற்றரைப் பார்த்தார், தலையைக் குனிந்து பதினைந்து என்று அழகாக எழுதினார். அது முதல் பொய். அந்தப் பொய் நல்ல பொய், கால் ஊன்றி நிற்கிற பொய் என்று அவன் ஐந்து மாதம் நம்பினான். பிறகு காரியாலயத்துப் பெடியள் பட்டியலை மட்டும் நம்புவதை விட்டுவிட்டு ஆளைப் பார்த்துப் பிடிக்கத் தொடங்கினார்கள். பள்ளிக்கூட வாசலில், தண்ணீர் கொண்டுவரும் பவுசரடியில், ஒருமுறை செத்தவீட்டில். கலியாணம் முடித்த பிள்ளையளை மட்டும் இன்னும் தொடவில்லை என்றார்கள். எத்தனை நாளைக்குத் தொடமாட்டார்கள் என்று யாரும் சொல்லவில்லை. அப்போதுதான் இரண்டாவது பொய். அதைப் பாதருடைய மேசையில் வைத்துச் சொன்னான்.

ஞானஸ்நானப் பதிவேடு ஊர்க் கோயிலின் இரும்பலுமாரிக்குள் இருந்தது. ஊரில் இப்போது ஆமி. அந்தப் பதிவேட்டில் எந்தப் பக்கத்தின் கீழ்ப்பாதியில் மகளின் பெயர் இருக்கிறது என்பதுகூட அவனுக்குத் தெரியும், மை கொட்டிய ஒரு பக்கம். "பதிவேடு இல்லாட்டித் தகப்பன்ரை சத்தியம் காணும்" என்று பாதர் எட்மன் சொன்னார். "ஆனா மடுத்தீன், பதினெட்டு முடியாட்டி நான் கட்டிவைக்கேலாது. போன மாசம் பதினாலு வயசுப் பிள்ளையொண்டைக் கொண்டுவந்து இருபது எண்டு சத்தியம் பண்ணினவங்கள். இனி ஓலையில வயசையும் சேர்த்துத்தான் வாசிக்கப்போறன். சனத்துக்கு முன்னால சொல்லட்டும்." வேதாகமத்தின் மேல் கை வைத்தான். அட்டை பிய்ந்து நூல் தெரிந்தது. உள்ளங்கையில் கிரீஸ் போகாத இடம் ஒன்று எப்போதும் இருக்கும், அது அட்டையில் ஒட்டிக்கொள்ளுமோ என்று கையை முழுதாக அழுத்தாமல் சற்றுத் தூக்கியே வைத்திருந்தான். அப்படித் தூக்கி வைத்தது சத்தியத்தில் சேருமா என்று பிறகு பல நாள் யோசித்திருக்கிறான். பதினெட்டு பாதர் என்றான். உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்தது. பதினேழு வயதும் ஐந்து மாதமும். கோயிலுக்குக் காணாத வயது, இயக்கத்துக்குக் காணும் வயது. ஒரு பிள்ளை பிறந்த திகதியில் இப்படி ஒரு பொறி இருக்கும் என்று எந்தத் தகப்பனுக்குத் தெரியும்? அவள் பிறந்த அன்று கடல் பால்போல இருந்தது. சூடைமீன் அள்ளிக்கொண்டு வந்த ஆளே செய்தியையும் கொண்டுவந்தான்.

முதல் வாசகம் முடிந்து ஆமென் என்றார்கள். அவனும் சொன்னான். மாப்பிள்ளை வலன்ரைன் ஊன்றுகோலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சுவரோரம், சுவர் என்று சொல்லக்கூடாது, தகரத்தோரம் இருந்தான். விறகுக்குப் போன இடத்தில் மிதிவெடி வலது காலைக் கணுக்காலோடு எடுத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் பெடியனுக்கு நாலு பக்கத்தாலும் சம்பந்தம் வந்தது. இயக்கம் கூப்பிடாத இருபத்திரண்டு வயது ஆம்பிளை அந்த வட்டாரத்தில் வேறு ஒருவனும் இல்லை. "மாப்பிள்ளைக்கு என்ன குறை?" என்று மனைவி செல்வமலர் கேட்டாள். "கால்" என்றான். "அதைத் தள்ளி வையுங்கோ. வேறை என்ன குறை எண்டு கேக்கிறன்." இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் அவள் அழுதாள். செல்வமலர் கலியாணத்துக்காக வேதத்துக்கு வந்தவள். றெஜினா என்று பெயர் வைத்தார்கள், அந்தப் பெயரில் அவளை யாரும் கூப்பிட்டதில்லை. இந்த மூன்று கிழமையும் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு, அதே நடையில் ஒழுங்கை தாண்டிப் போய் அம்மனுக்கு மஞ்சள் துணியில் நேர்த்தி முடிந்துவிட்டு வந்தாள். அவன் கண்டும் காணாதவன்போல இருந்தான். "ரெண்டு பேரும் கோவிக்க மாட்டினம். ரெண்டு பேருக்கும் பிள்ளையளைத் தெரியும்" என்றாள். அந்தோனியார் இதோ பீடத்துக்கு இடப்பக்கம், உழவு இயந்திரப் பெட்டியில் போர்வையால் சுற்றிக் கொண்டுவந்தபோது மூக்கு நுனி உடைந்தபடி, கையில் குழந்தையோடு நிற்கிறார். அவருடைய குழந்தைக்கு எத்தனை வயது என்று யாரும் கேட்டதில்லை.

பிரசங்கம். பாதர் உப்பைப் பற்றிப் பேசினார். உப்பைப் பற்றி, விளக்கைப் பற்றி, பொறுமையைப் பற்றி. வேறெதைப் பற்றியும் பேச முடியாது. பிடித்த பிள்ளையை விடுங்கோ என்று ஒரு சாமியார் பீடத்தில் நின்று சொன்னார் என்றும், அடுத்த கிழமை அந்தப் பங்குக்கு வேறு சாமியார் வந்தார் என்றும் கதை. கோயிலில் குண்டு போடாதேங்கோ என்று ஆயர் எழுதிய கடிதங்களுக்குத் தெற்கில் இருந்து மரியாதையான பதில்கள் வந்தன, பதில் வந்த கிழமையே கிபிர் குண்டுவிமானமும் வந்தது. அந்தப் பக்கத்து வானொலியில் பிக்குமார் பிரித் ஓதிப் படையை அனுப்பிவைக்கிறார்கள். இந்தப் பக்கத்து வானொலியில் பின்வாங்கல் எல்லாம் தந்திரம் என்று சொல்லிவிட்டு உடனே ஒரு பாட்டுப் போடுகிறார்கள். நடுவில் மேலே வண்டு சுற்றுகிறது. ஆளில்லாத அந்த விமானத்துக்குச் சனம் வைத்த பெயர். மடுத்தீன் எஞ்சின் திருத்துகிறவன், காது தன்பாட்டில் வேலை செய்தது. சின்ன எஞ்சின், நன்றாகப் பராமரித்த எஞ்சின், பிளக்கில் ஒரு கரி இல்லை. சமாதான காலம் என்று நாலு வருடம் இருந்ததே, அப்போது அவன் வீட்டுக்கு நீலப் பூச்சுப் பூசினான். வெள்ளைக்காரர் வாகனத்தில் வந்து கடற்கரையில் மீன் பொரியல் தின்றார்கள். கொறற்றி அவர்களிடம் இங்கிலீசில் தன் பெயரைச் சொன்னாள், வயதையும் சொன்னாள், ஒரு வெள்ளைக்காரி கைதட்டினாள். அந்தப் பூச்சு காய்வதற்குள் என்று சொல்லமாட்டான், பூச்சு நன்றாகக் காய்ந்தது. ஆறு மழைக்காலம் தாங்கியது. இப்போதும் நின்றால் நீலமாகத்தான் நிற்கும். அதற்குள் யார் படுக்கிறார்களோ.

பாவிலு அண்ணையின் கழுத்து அசையவில்லை. அந்தக் கழுத்தைப் பார்க்காமல் இருக்க அவனால் முடியவில்லை. அவருக்கும் ஒரே மகள்தான், ஜெசிந்தா. பட்டியல் எழுதும்போது ஊர் முழுக்கச் சொன்ன பொய்களை ஒன்றுவிடாமல் எழுதிய மனுசன் தன் வீட்டுக்கு வந்து மகளின் வயதை உள்ளபடி எழுதினார். "என்ரை கையால என்ரை பிள்ளைக்கு நானே பொய் எழுதினா மற்ற ஆக்களுக்கு எழுதினதும் பிடிபட்டிடும்" என்று மனைவியிடம் சொன்னாராம். ஆவணி பதினேழாம் திகதி ஜெசிந்தாவைக் கொண்டுபோனார்கள். அந்த வீட்டில் அன்று எழுந்த சத்தம் ஒழுங்கை முழுக்கக் கேட்டது. செல்வமலர் ஓட வெளிக்கிட்டாள். "நில்" என்றான் மடுத்தீன். "அங்கை பெடியள் நிப்பாங்கள். உன்னைக் கண்டா எங்கடை வீடு ஞாபகம் வரும்." அன்று போகவில்லை. அடுத்த நாள் போகலாம் என்றான், போகவில்லை. மூன்றாம் நாள் போனால் முதல் இரண்டு நாளும் ஏன் வரவில்லை என்று இருக்குமே என்று போகவில்லை. அப்படியே இரண்டு மாதம். பவுசரடியில் கண்டால் வாளியைப் பார்ப்பான். இன்றைக்கு அந்த மனுசன் எழும்பி ஒரு சொல், பதினைந்து என்று ஒரே ஒரு சொல் சொன்னால் போதும். ஏன் சொல்லமாட்டார்? தன்னிடத்தில் வைத்துப் பார்த்தான். தன் பிள்ளை போன பிறகு, ஆறுதலுக்கு எட்டிப் பார்க்காத ஒருவனின் பிள்ளை பூவும் தாலியுமாக நிற்பதைப் பார்த்துக்கொண்டு நான் சும்மா இருப்பேனா? இருப்பேன் என்று சொல்லப் பார்த்தான். கர்த்தருக்கு முன்னால், இருப்பேன் என்று வரவில்லை.

காணிக்கைப் பாட்டின் நடுவில் சைக்கிள் ஸ்டாண்ட் போடுகிற சத்தம் கேட்டது. இரண்டு பெடியள் தறப்பாளுக்கு வெளியே வேம்படியில் நின்றார்கள். முதல் இரண்டு ஓலைக்கும் இவர்கள் இந்தப் பக்கம் வந்ததில்லை. மூத்தவன் புகழ்மாறன், காரியாலயத்துப் பொறுப்பாளன், இருபது வயதிருக்கும், சட்டையை வெளியே விட்டிருந்தான். உள்ளே வரமாட்டார்கள், கோயிலுக்கு மரியாதை. தாய்மார் பாட்டை நிறுத்தாமலே மகள்மாரை இழுத்துத் தங்களுக்குப் பின்னால் வைத்தார்கள். செல்வமலர் அசையவில்லை. கொறற்றி சேலை உடுத்தியிருந்தாள். மூன்றாம் ஓலைக்குப் பெண் சேலையோடு வரவேண்டும் என்று மாப்பிள்ளையின் தாய் கேட்டிருந்தாள். மடுத்தீன் பெடியளைப் பார்த்தான், பெடியள் கலியாணப் பெண்ணைத் தொடமாட்டார்கள் என்று நினைத்து ஒருவிதத்தில் ஆறினான், திரும்பவும் பாவிலு அண்ணையின் கழுத்துக்கு வந்தான். நன்மை வாங்க வரிசை எழும்பியது. போவதா விடுவதா? பொய்ச்சத்தியம் செய்தவன் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் நன்மை வாங்கினால் அது தன்னைத்தானே தீர்ப்பிட்டுத் தின்பது என்று ஏழு வயதில் படித்தது. போகாவிட்டால் மடுத்தீன் ஏன் போகவில்லை என்று முந்நூறு கண் கேட்கும். போனான். கிறிஸ்துவின் உடல். ஆமென். அப்பம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நாக்கால் எடுக்கப் பார்த்தான், வரவில்லை. உமிழ்நீர் இல்லை. இனி வாயைத் திறந்து எதையும் சொல்லக்கூடாது, எதையும் சொல்லவேண்டி வரக்கூடாது ஆண்டவரே என்று மணலில் முழந்தாளிட்டான்.

"மூன்றாம் ஓலை" என்றார் பாதர். "சந்தியாகு வலன்ரைன், வயது இருபத்திரண்டு. மடுத்தீன் மரியகொறற்றி, வயது பதினெட்டு." அந்தப் பதினெட்டு ஒலிவாங்கியில் இருந்து புறப்பட்டு, தறப்பாளுக்கு அடியால் வெளியே போய், வேம்படியில் நின்ற இரண்டு தலையையும் நிமிர்த்தியது. அவன் அதைக் கண்ணால் கண்டான். புகழ்மாறன் சட்டைப்பையில் இருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தான். பட்டியல். பட்டியலில் பதினைந்து. பதினைந்து எப்படி ஆறு மாதத்தில் பதினெட்டு ஆகும் என்று அந்தப் பெடியன் இப்போது யோசிக்கிறான். யோசித்து முடித்தால் புதன்கிழமை வரைக்கும் காத்திருக்கமாட்டான். பூசை முழுக்க ஒரு கழுத்தைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்த மடையன், மகளின் வயதை நானே சந்தியில் வைத்துக் கூவிவிட்டேனே! பாதர் கண்ணாடியைக் கழற்றினார். அந்த மூச்சு தொடங்கியது. பாவிலு அண்ணை எழும்பினார்.

"பாதர், தடை இருக்கு" என்றார். "அந்தப் பிள்ளைக்குப் பதினைஞ்சு வயசு."

கோயில் ஒரு தடவை இரைந்து அடங்கியது. பாதர், "என்ன பாவிலு சொல்லுறீர்? தகப்பன் சத்தியம் பண்ணியிருக்கிறார்" என்றார்.

"சித்திரையில பதிவு எடுத்தது நான். என்ரை கையால எழுதினனான். பதினைஞ்சு." இதைச் சொல்லும்போது அவர் பாதரைப் பார்க்கவில்லை, வேம்படிப் பக்கம் திரும்பி, பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லுகிறவர்போல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "இந்த மனுசன் பயத்தில வயசைக் கூட்டிச் சொல்லியிருக்கு."

மடுத்தீனுக்கு முதலில் வந்தது கோபம். எழும்பிப் போய் அந்தக் கழுத்தைப் பிடிக்கவேண்டும்போல இருந்தது. அதற்குள் பாவிலு அண்ணை தலையைத் திருப்பி அவனைப் பார்த்தார். சித்திரையில் காபரேற்றரைப் பார்த்த அதே பார்வை. எழுதட்டோ என்று கேட்கிற பார்வை. அப்போதுதான் விளங்கியது. இந்த மனுசன் கலியாணத்தை வெட்டுகிறார், பிள்ளையை அல்ல. பாதருக்குச் சொன்ன பொய்யை உடைத்து, பெடியளுக்குச் சொன்ன பொய்யைக் காப்பாற்றுகிறார். பதினைந்து என்றால் பட்டியலும் சரி, பிள்ளையும் தப்பிவிடும். "மடுத்தீன், கோயிலுக்குள்ள நிண்டு சொல்லும்" என்றார் பாதர். "பிள்ளைக்கு எத்தினை வயசு?" வலன்ரைன் ஊன்றுகோலைத் தேடிக்கொண்டிருந்தான். செல்வமலர் இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தாள். பதினேழு என்று உண்மை தொண்டைவரைக்கும் வந்து நின்றது. ஏழு வயதில் இருந்து பீடத்துக்கு முன்னால் உண்மையை மட்டும் சொல்லப் பழகிய வாய். மேலண்ணத்தில் அப்பம் இன்னும் கரையவில்லை. அதை நாக்கால் புரட்டி, அதன் மேலேயே சொன்னான்: "பதினைஞ்சு பாதர். நான் உங்களுக்குப் பொய் சொல்லிப்போட்டன்."

பூசை எப்படி முடிந்தது என்று தெரியவில்லை. சென்று வாருங்கள் என்றார்களா, பாட்டுப் பாடினார்களா? வெளியே வெயில் முகத்தில் அடித்தபோது புகழ்மாறன் முன்னால் நின்றான். சனம் வட்டமாக ஒதுங்கி நின்றது.

"ஐயா, உங்களுக்கு வெக்கமில்லையோ?" என்றான் பெடியன். உண்மையாகவே கோபப்பட்டான், கண் சிவந்திருந்தது. "பதினைஞ்சு வயசு. படிக்கவேண்டிய பிள்ளை. சின்னப்பிள்ளைக்குக் கலியாணம் கட்டிவைக்கிறது எங்கடை சட்டத்தில எவ்வளவு பெரிய குற்றம் தெரியுமோ? பிள்ளையின்ரை வாழ்க்கை என்னாகிறது?"

"பிழைதான் தம்பி" என்றான் மடுத்தீன்.

"பிழையெண்டு சொன்னாக் காணுமோ? உங்களைப்போல தேப்பன்மாராலதான் எங்கடை சமூகம் முன்னேறேல்லை." பக்கத்தில் நின்ற இளையவன், அவனுக்கு மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை, ஓமென்று தலையாட்டினான். "நாளைக்குக் காலமை ஆறு மணிக்குக் காரியாலயத்துக்கு வாங்கோ. முன்னரங்கில மண்ணணை வேலை. ரெண்டு மாசம். உடுப்பும் சாரமும் கொண்டுவாங்கோ." பிறகு கொறற்றியின் பக்கம் திரும்பி, குரலை மெதுவாக்கி, "தங்கச்சி பயப்பிடாதேங்கோ. இனி ஒருத்தரும் உங்களைக் கட்டாயப்படுத்தேலாது" என்றான். கொறற்றி சேலைத் தலைப்பைத் தோளோடு இறுக்கி, உடம்பைக் கூனி, கழுத்தை உள்ளே இழுத்து, தன்னால் ஆனமட்டும் சின்னதாக நின்றாள்.

பாவிலு அண்ணை செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். மடுத்தீன் போய் நின்றான். அண்ணை என்றான். அவர் நிமிராமல், "ரெண்டாம் லைன்ல இடம் கேள். முதல் லைன் கூடாது. ஷெல் சத்தம் கேட்டா ஓடாத, அப்பிடியே படு" என்றார். வாரை மாட்டி முடித்துவிட்டு, "எங்கடை வீட்டுக்கு மனுசியை ஒருக்கா வரச்சொல்லு. ஜெசிந்தான்ரை தாய் ஒருத்தரோடையும் கதைக்கிறாளில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒழுங்கையில் மூன்று பேரும் நடந்தார்கள். செல்வமலர் முன்னால், ஒருவரையும் பார்க்காமல், விறுவிறு என்று போனாள். கொட்டிலில் சாரம் இரண்டு இருக்கிறது, ஒன்றில் கிழிசல், அதைத் தைக்கவேண்டும் என்று மடுத்தீன் நினைத்தான். பாதரிடம் ஒருக்காப் பாவசங்கீர்த்தனம் கேட்கலாமா, கேட்டால் எந்தப் பொய்யைச் சொல்லுவது, மூன்று பொய்யையும் சொன்னால் நடுவில் உண்மை வெளியே வந்துவிடுமே, பாதருக்கு அது பாரமாகுமே என்று நினைத்தான். இரண்டு மாதம் என்றால் மார்கழி. மார்கழியில் அவளுக்கு இன்னும் பதினெட்டு ஆகியிருக்காது. வாற சித்திரையில்தான் ஆகும். சித்திரைக்கு அவர்கள் திரும்பவும் பதிவு எடுப்பார்கள். எழுதுகிறது யாரோ.

"அப்பா" என்றாள் கொறற்றி. மூன்று கிழமையாகப் பதினெட்டு பதினெட்டு என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தான், நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் பதினெட்டு என்று சொல்லப் பழக்கியிருந்தான். "இனி ஆரும் கேட்டா நான் என்ன சொல்ல?"

"பதினைஞ்சு."

"எத்தினை நாளைக்கு?"

அவன் நின்றான். மேலே வண்டின் சத்தம் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. மகளின் தலையில் கை வைக்க நினைத்தான். பெரிய பிள்ளை, ஒழுங்கையில் ஆட்கள், வைக்கவில்லை.

"நான் திரும்பி வருமட்டும்" என்றான்.